அடுப்பு எரியாத மஞ்சள்காணி

சிவனணைந்தபெருமாள் என்ற முழுப் பெயரையும் சொல்லி அவரைக் கூப்பிட்டது பள்ளிக்கூடத்து வாத்தியாரும் கோர்ட்டு டவாலியும்தான். எங்களுக்கு அவர் பெருமாள் அண்ணாச்சி. ஐம்பத்தைந்தாம் வருஷத்துக்குப் பிறகு சுற்றுவட்டாரத்தில் எல்லைப் பெருமாள் என்றும் ஒரு பெயர் சேர்ந்துகொண்டது. அந்தப் பெயர் அவருக்கு முதலில் ரொம்பப் பிடித்திருந்தது. பிறகு அதைச் சொன்னவர்களோடு பேச்சையே நிறுத்திவிடுவார். இரண்டுக்கும் நடுவில் நடந்ததைத்தான் எழுதப் போகிறேன். அவர் போய்ச் சேர்ந்துவிட்டார், கோபித்துக்கொள்ள மாட்டார்.

எங்கள் ஊர் புதுப்பத்து, தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் சாலையை ஒட்டி இருக்கிறது. சிற்றாற்றுக் கால்வாய்த் தண்ணீரில் இரண்டு போகம் நெல் விளையும். சாலை வளைகிற இடத்தில் எனக்குச் சைக்கிள் கடை. சாரல் விழ ஆரம்பித்துவிட்டால் அருவிக்குக் குளிக்க வருகிற சீசன் ஆட்களுக்கு வாடகைக்குச் சைக்கிள் விடுவேன், மற்ற மாதங்களில் ஊர்க்காரர்களுக்குப் பஞ்சர் ஒட்டுவேன். இந்தக் கதையில் டவுன் என்று ஒன்று அடிக்கடி வரும். எந்த டவுன் என்று என்னைக் கேட்காதீர்கள். பக்கத்தில் உள்ள டவுன்தான். அதற்கு மேல் சொன்னால் எனக்கு லைசென்ஸ் புதுப்பிக்கிற நேரத்தில் வம்பு.

அண்ணாச்சி நல்ல விவசாயி என்று சொல்லலாம், அதைவிட நல்ல வாயாடி என்று சொல்லலாம். எதிராளி சோர்ந்து தண்ணீர் கேட்கிறவரை பேசுவார். ஊரில் எந்த ஆபீஸுக்குப் போவதென்றாலும் அவரைத்தான் முன்னால் நிறுத்துவார்கள். அவருக்கும் அது வேண்டியிருந்தது. சொந்த வயலில் களை மண்டிக் கிடக்கும், அவர் யாரோ ஒருத்தருடைய பட்டா விஷயமாகத் தாலுகா ஆபீஸ் வேப்பமரத்தடியில் உட்கார்ந்திருப்பார். சங்கரம்மாள் மதினி, அதாவது அவர் வீட்டுக்காரி, இதைச் சொல்லித் தலையில் அடித்துக்கொள்ளாத நாள் கிடையாது.

அவருக்கு ஒரே தங்கை, பேராச்சி. வடகரையில் தென்னந்தோப்பு வைத்திருந்த ஒருவனுக்குக் கட்டிக் கொடுத்தார்கள். நல்ல பையன். காய்ச்சல் வந்து போய்விட்டான். பிள்ளை இல்லை. மாமனார் வீட்டில் ஆறு மாதம் பொறுத்துப் பார்த்துவிட்டு, அண்ணன் வீட்டில் இருந்தால் மனசுக்கு ஆறுதலாக இருக்கும் என்று நயமாகச் சொல்லி வண்டி ஏற்றி அனுப்பிவிட்டார்கள். ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து இறங்கினாள்.

அவளுக்கென்று ஊரில் ஒரு மஞ்சள்காணி இருந்தது. கட்டிக்கொடுக்கிற பெண்ணுக்கு மஞ்சள் குங்குமச் செலவுக்கு என்று பிறந்த வீட்டில் ஒதுக்கிவைக்கிற நிலத்துக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். அவள் அப்பா உயிரோடு இருந்தபோதே குற்றாலம் சாலையை ஒட்டின வயலில் ஒரு மூலையை அவளுக்கு என்று அளந்து விட்டிருந்தார். புருஷன் போனால் பெண்ணுக்கு மஞ்சள் பூசுவது போய்விடும், மஞ்சள்காணி போகாது. அதில் சீனியவரையும், அதாவது கொத்தவரங்காயும், கத்தரியும் போட்டுத் தென்காசிச் சந்தையில் விற்று வருவாள். அந்த மூலையில் நின்றால் மேற்கே மலை முழுதாகத் தெரியும். அது ஒரு வினையாக முடியும் என்று அப்போது யாருக்குத் தெரியும்?

சங்கரம்மாள் மதினியைப் பற்றி நான் தப்பாகச் சொல்ல மாட்டேன். நாத்தனாருக்கு வயிறாரச் சோறு போட்டாள். ஆனால் அடுப்படி ஒருத்திக்குத்தானே சொந்தம். ஒரு நாள் பேராச்சியின் சின்ன வயதுச் சிநேகிதி சந்தனமாரி, பண்பொழியில் வாழ்க்கைப்பட்டவள், தென்காசி போய்விட்டுத் திரும்பும்போது எட்டிப் பார்த்தாள். பேராச்சி ஓடிப் போய்க் கையைப் பிடித்துக்கொண்டு, வா, சாப்பிட்டுவிட்டுத்தான் போகணும் என்று சொல்லிவிட்டாள். உள்ளேயிருந்து மதினி, உலை இறக்கியாச்சே, முதலிலேயே சொல்லியிருந்தால் கூட ஒரு படி போட்டிருப்பேனே என்றாள். குரலை உயர்த்தவில்லை, முகத்தைச் சுளிக்கவில்லை. சந்தனமாரி பசியே இல்லை என்று சொல்லிவிட்டுப் பஸ்ஸுக்குப் போய்விட்டாள். 

மறுநாள் அண்ணாச்சி வயலுக்குப் போகும்போது பேராச்சி கூடவே வந்து தன் மூலையைக் காட்டினாள். "இங்கன எனக்கு ஒரு அறையும் ஒரு அடுப்படியும் கட்டிக் குடு அண்ணே. ஒருத்தி வந்தா வா, சாப்பிடுன்னு சொல்லணும். நான் வேற ஒண்ணும் கேக்கல" என்றாள். கட்டித் தருகிறேன் என்று அண்ணாச்சி அந்த இடத்திலேயே கையடித்துக் கொடுத்தார். என் கடை வாசலில் வைத்துத்தான் இதையெல்லாம் சொன்னார். சொல்லும்போது கண் கலங்கியது. மனசில் ஈரம் இல்லாத மனிதர் இல்லை. காலம்தான் இல்லை அவருக்கு.

அந்த வருஷம் அஸ்திவாரத்துக்குக் கல் வாங்கி மூலையில் இறக்கினார். வேலையைத் தொடங்கலாம் என்றால் கொத்தனார்கள் யாரும் அகப்படவில்லை. குற்றாலத்தில் சீசன் வருவதற்குள் லாட்ஜுகளுக்கு வெள்ளை அடிக்கவும் சுவர் எடுக்கவும் எல்லோரையும் அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள். சரி, சீசன் முடியட்டும் என்றார். சீசன் முடிந்ததும் நடவு வந்தது. நடவு முடிந்ததும் எல்லைப் பிரச்சினை வந்தது.

டவுன் தன் எல்லையை அகலப்படுத்தப் போகிறது, புதுப்பத்தும் அதற்குள் போகப் போகிறது என்று சேதி வந்தபோது ஊரே கொதித்தது. டவுனுக்குள் போனால் வீட்டுவரி ஏறும். எருக்குழி வைக்கக் கூடாது, தெருவில் மாடு கட்டக் கூடாது, கூரை மாற்றினால்கூட மனு எழுதி நிற்க வேண்டும். பாதி உண்மை, பாதி பயம். அண்ணாச்சி இரண்டையும் சேர்த்துப் பிசைந்து தெருத்தெருவாக ஊட்டினார். வீடு வீடாகக் கையெழுத்தும் கைநாட்டும் வாங்கினார். ரயிலேறித் திருநெல்வேலி போய்க் கொக்கிரகுளத்தில் கலெக்டர் ஆபீஸ் வாசலில் காத்துக் கிடந்தார். எத்தனையோ தடவை போனார். விசாரணைக்கு வந்த அதிகாரியிடம் அவர் பேசின பேச்சை இன்றைக்கும் ஊரில் சொல்லிச் சிரிப்பார்கள். எங்கள் மாட்டுக்கும் உங்கள் சேர்மனுக்கும் ஒத்துவராது ஐயா என்று தொடங்கினாராம்.

ஜெயித்துவிட்டோம். புதுப்பத்து டவுன் எல்லைக்கு வெளியேதான் இருக்கும் என்று உத்தரவு வந்தது. மேளம் வைத்து அண்ணாச்சியை மாலை போட்டு ஊரைச் சுற்றிக் கூட்டி வந்தோம். என் சைக்கிள்கள் அத்தனையையும் அன்றைக்கு இலவசமாக விட்டேன். எல்லைக்கல் பக்கத்தில் நின்று அவர் பேசினார். இந்தக் கல்லுக்கு இந்தப் பக்கம் நம்மை இனி எவனும் கேள்வி கேட்க முடியாது என்றார். கூட்டத்தில் பேராச்சியும் நின்றாள். அண்ணன் பேசப் பேச அவளுக்கு முகமெல்லாம் பூரிப்பு.

வெற்றிக்கு ஒரு அடையாளம் வேண்டாமா? பஞ்சாயத்துக்குச் சொந்தக் கட்டடம் கட்டுவது என்று அங்கேயே முடிவாயிற்று. முதல் காணிக்கை யார் என்று கேட்டபோது அண்ணாச்சி கையைத் தூக்கினார். தங்கை மூலையில் கிடந்த கல்லைத் தருகிறேன் என்று சொல்லிவிட்டார். கூட்டம் கை தட்டியது. பேராச்சியைக் கேட்கவில்லை. கேட்டிருந்தாலும் தந்திருப்பாள், அது வேறு விஷயம். மறுநாள் வண்டி போய்க் கல்லை ஏற்றிக்கொண்டு வந்தது.

பிறகு ஒரு நாள் அவள் மெல்ல வீட்டுப் பேச்சை எடுத்தபோது, இப்போது என்ன அவசரம் என்று கேட்டாராம். டவுன் தொல்லை விட்டது, யாரிடமும் அனுமதி வாங்க வேண்டாத மண், என்றைக்கு நினைத்தாலும் கட்டலாம் என்றாராம். ஊர் மொத்தமும் அப்படித்தான் நினைத்தது. அந்த நினைப்பிலேயே இரண்டு வருஷம் ஓடிப்போனது.

ஐம்பத்தேழில் ஒரு சந்தை நாள். பேராச்சி சீனியவரைக் கூடையோடு தென்காசியில் உட்கார்ந்திருக்கிறாள். டவுன் ஆள் ஒருத்தன் தண்டோரா போட்டுக்கொண்டு வந்தான். டவுனுக்குத் திட்டம் போட்டிருக்கிறது, எந்த இடத்தில் வீடு, எந்த இடத்தில் கடை, எந்த இடத்தில் வெறும் வெளி என்று பிரித்து வரைபடம் ஆபீஸில் வைத்திருக்கிறது, சுற்றிலும் ஒரு மைல் தூரத்து நிலங்களும் அதில் சேர்ந்திருக்கிறது, ஆட்சேபம் உள்ளவர்கள் இரண்டு மாதத்துக்குள் மனுக் கொடுக்கலாம் என்று கூவினான். மற்றதெல்லாம் அவளுக்குப் புரியவில்லை. ஒரு மைல் தூரத்து நிலம் என்றது மட்டும் காதில் தங்கிவிட்டது. வீட்டுக்கு வந்ததும் சாப்பிட்டுக்கொண்டிருந்த அண்ணனிடம் சொன்னாள்.

அண்ணாச்சி சிரித்தார். "ஏட்டி, அவன் கொட்டு அவன் ஊரோட சரி. நம்ம ஊருல கொட்டாத கொட்டு நமக்கு எப்படிச் சேரும்?" என்றார்.

வெளியூர்க்காரர்களுக்கு இது முட்டாள்தனமாகத் தோன்றும். எங்களுக்கு அப்படித் தோன்றவில்லை. எங்கள் பக்கம் தண்டோரா என்றால் அது எந்தத் தெருவில் கேட்டதோ அந்தத் தெருவுக்குத்தான். கோயில் கொடை விழாவா, மடை திறப்பா, வரி வசூலா, எதுவானாலும் எங்கள் ஊர் ஆள் எங்கள் தெருவில் வந்து கொட்டினால்தான் அது எங்களுக்குச் சொன்ன சொல். பக்கத்து ஊர்க் கொட்டைக் கேட்டு நாங்கள் ஒன்று செய்தால் கேலிதான் மிஞ்சும். மறுநாள் கடையில் வந்து அண்ணாச்சி இதையே வேடிக்கையாகச் சொன்னார். தங்கச்சி பயந்துட்டா என்று சொல்லி எல்லோரையும் சிரிக்க வைத்தார். இரண்டு மாதம் போனது. புதுப்பத்திலிருந்து ஒரு மனுவும் போகவில்லை. மனு எழுதுவதற்கென்றே பிறந்த மனிதர் இருந்த ஊரிலிருந்து.

ஐம்பத்தொன்பது தை மாதம் ஒருவழியாக வேலை தொடங்கியது. மறுபடி கல் வாங்கி, நாள் பார்த்து, மூலையில் அஸ்திவாரத்துக்கு வானம் தோண்டினார்கள். பேராச்சி மண்வெட்டிக்காரர்களுக்குக் கருப்பட்டிக் காப்பி கொண்டுபோய்க் கொடுத்தாள். அடுப்படி எந்தப் பக்கம் வரும் என்று குச்சியால் தரையில் கோடு போட்டுக் காட்டினாளாம். மூன்றாம் நாளோ நாலாம் நாளோ டவுன் ஆபீஸ் இளவட்ட ஓவர்சியர் ஒருவர் என் கடைக்குச் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்தார். பின் சக்கரம் பஞ்சர். ஒட்டிக்கொண்டிருக்கும்போது, சாலையோரம் யாரோ அஸ்திவாரம் போடுகிறார்களாமே, யாருடையது என்று மரியாதையாகக் கேட்டார். நானும் மரியாதையாகவே வழி சொன்னேன்.

இது கட்டடம் கூடாத இடம், வேலையை நிறுத்துங்கள் என்று அவர் சொன்னதும் அண்ணாச்சிக்கு முதலில் கோபமே வரவில்லை. வீட்டுக்கு ஆள் அனுப்பிக் கலெக்டர் உத்தரவை எடுத்துவரச் சொல்லி அவர் கையில் கொடுத்தார். ஓவர்சியர் முழுதும் படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார். இது சரிதான் ஐயா, ஆனால் இது வேறு, அது வேறு, ஆபீஸுக்கு வந்து வரைபடத்தைப் பாருங்கள் என்று சொல்லிவிட்டுப் போனார். அடுத்த நாள் அண்ணாச்சி என்னையும் கூட்டிக்கொண்டு போனார்.

வரைபடம் மேஜை அளவுக்கு இருந்தது. டவுனைச் சுற்றிக் கறுப்புக் கோடு. எங்கள் ஊர் கோட்டுக்கு வெளியேதான் இருந்தது, அதில் பொய் இல்லை. ஆனால் கோட்டையும் தாண்டிக் குற்றாலம் சாலையின் இரண்டு பக்கமும் பச்சை மையைப் பூசியிருந்தார்கள். சீசனுக்கு வருகிறவர்கள் தென்காசியை விட்டதும் வயலும் மலையும் மறைவில்லாமல் கண்ணில் பட வேண்டுமாம். ஏற்கெனவே உள்ள வீடு இருக்கலாம். பயிர் வைக்கலாம், தொழுவம் போடலாம். புது வீடு கூடாது. பச்சை மைக்குள் எங்கேயோ பேராச்சியின் மூலையும் இருந்தது, அதற்கென்று தனியாக ஒரு புள்ளிகூட இல்லை.

அங்கிருந்த அதிகாரி வயதானவர், எரிந்து விழவில்லை. அண்ணாச்சி, நாங்கள் உங்கள் எல்லைக்கு வெளியே என்று ஆரம்பித்தார்.

"வெளியேதான். அதுதான் கஷ்டம்" என்றார் அதிகாரி. "உள்ளே வந்திருந்தா உங்களுக்குன்னு ஒரு வார்டு, ஒரு கவுன்சிலர் இருந்திருப்பார். கூட்டத்துல எழுந்து ஒரு வார்த்தை சொல்லியிருப்பார். எங்க எல்லை வேற, எங்க திட்டம் போற எல்லை வேற, சட்டத்துல அப்படித்தான் இருக்கு. வெளியே இருக்கிறவங்களுக்கு மனு ஒண்ணுதான் வழி. அதுக்குத்தான் ஊரெல்லாம் தண்டோரா போட்டோம்."

அண்ணாச்சி பேசவில்லை. அவரை எனக்கு எத்தனையோ வருஷமாகத் தெரியும், ஒரு ஆபீஸில் பேசாமல் நின்று நான் பார்த்தது அன்றைக்குத்தான். வெளியே வந்த பிறகு என்னிடம், "அவ சொன்னா, ஆவுடையப்பா. சோத்துல கை வச்சிருக்கும்போது வந்து சொன்னா" என்றார். தென்காசி வக்கீல் ஒருவரையும் பார்த்தோம். அவரும் அதிகாரி சொன்னதையே ஃபீஸ் வாங்கிக்கொண்டு சொன்னார். மேலிடத்துக்கு எழுதிப் பார்க்கலாம் என்றார். அண்ணாச்சி எழுதினார், எழுதிக்கொண்டே இருந்தார். பதில் வரும்போது பழைய பதிலாகவே வரும்.

எனக்கு இன்றைக்கும் ஆறவில்லை. நாலு நாள் தலையில் தண்ணீர் விழ நின்றுவிட்டுப் போகிறவனுக்குக் காரில் போகும்போது கண்ணுக்குப் பச்சை வேண்டும் என்று, அந்தப் பச்சையை நட்டு வளர்த்தவள் அதற்குள் ஒரு அடுப்பு வைக்கக் கூடாது என்கிறார்கள். இதை டவுன்காரன் செய்தான் என்றால் திட்டிவிட்டுப் போகலாம். உள்ளே போகிற கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றதே நாங்கள்தான் என்னும்போது யாரைத் திட்டுவது?

தொழுவம் போடலாம் என்று சொன்னார்கள் அல்லவா, அண்ணாச்சி அதைப் பிடித்துக்கொண்டார். மூலையில் பனை ஓலைக் கொட்டகை போட்டு, ஒரு பக்கம் பசுவைக் கட்டி, மறு பக்கம் தட்டி மறைத்துக் கயிற்றுக் கட்டில் போட்டார். பேராச்சி டிரங்குப் பெட்டியோடு அங்கே போனாள். மூன்று கல் வைத்துப் பானை ஏற்றினாள். அவளுடைய முதல் உலை. அன்றைக்குக் கடைக்கு வந்து, ராத்திரி சாப்பாட்டுக்கு வாங்க அண்ணாச்சி என்று என்னைக்கூடக் கூப்பிட்டாள். எங்கள் வீட்டில் விருந்தாளி வந்திருந்ததால் இன்னொரு நாள் வருகிறேன் என்றேன்.

இன்னொரு நாள் வரவில்லை. சீசன் ஆரம்பித்ததும் டவுன் ஆட்கள் சாலையோரம் பார்த்துக்கொண்டே வந்தார்கள். கொட்டகை இருக்கலாம், மாடு இருக்கலாம், காவலுக்கு ஒரு ஆள் படுத்துக்கொள்ளலாம். கரி பிடித்த மூன்று கல்லைக் காட்டி, இதை எடுத்துவிடுங்கள் அம்மா, அடுப்பு எரிந்தால் அது வீடு, வீடு என்றால் இடிக்க வேண்டிவரும் என்றார்கள். அவர்கள் நிற்கும்போதே அவள் கல்லைத் தூக்கி வரப்பில் போட்டாள். அதற்குப் பிறகு மூன்று வேளையும் அண்ணன் வீட்டிலிருந்து தூக்குச்சட்டியில்தான் சோறு வந்தது. தனியாக இருக்கிறாள் என்று பெயர், சாப்பாடு அதே அடுப்படியிலிருந்து.

சந்தனமாரி ஒரு மழை நாளில் வந்தாளாம். இழுப்பு நோய் கண்டு பாதியாக மெலிந்திருந்தாள். கொட்டகைக்குள் நுழைந்ததும் நடுங்கிக்கொண்டே, கொஞ்சம் வெந்நீர் போடேன் என்று கேட்டிருக்கிறாள். பேராச்சி ஈரத்தோடு அண்ணன் வீட்டுக்கு ஓடி வெந்நீர் வாங்கிக்கொண்டு ஓடி வந்தாள். வந்து சேரும்போது அது ஆறிப்போயிருந்தது. சந்தனமாரி அதையே குடித்துவிட்டு நல்லாருக்கு என்றாளாம். அடுத்த சீசனுக்கு அவள் இல்லை.

சீசன் நாட்களில் புளியங்குடியிலிருந்து ஜெபமலர் என்று ஒரு அம்மாள் எலுமிச்சம்பழ மூட்டையோடு வந்து சாலையோரம் விற்பார்கள். மூட்டையைப் பேராச்சி கொட்டகையில்தான் வைப்பார்கள். அடுப்பில்லாத கதையைக் கேட்டுவிட்டு, என்னோடு வந்துவிடு, மண்டியில் பழம் பிரிக்க எப்போதும் பெண்கள் வேண்டும், மண்டிக்குப் பின்னால் வாடகைக்கு அறை கிடைக்கும் என்று கூப்பிட்டார்கள். பேராச்சி யோசித்தாள், பிறகு போய்விட்டாள். பஸ் ஏற்றிவிட அண்ணாச்சி வந்தார். சீக்கிரம் அனுமதி வாங்கிவிடுகிறேன், வாங்கினதும் வந்து கூப்பிடுகிறேன் என்றார். அவள் சரி என்று தலையாட்டினாள். பசுவை அவர் வீட்டுக்கு ஓட்டிக்கொண்டு போனார்.

அறுபத்து மூன்றில் டவுன் மறுபடியும் எல்லையை அகலப்படுத்தலாமா என்று எங்கள் பஞ்சாயத்தைக் கேட்டது. இந்தத் தடவை அண்ணாச்சி எழுந்து, சேர்ந்துவிடுவோம் என்றார். ஊர் திகைத்துப் போனது. உள்ளே போனால்தான் நமக்கு ஒரு வாய் இருக்கும், வெளியே இருந்தால் நம் மண்ணுக்கு அவன் கோடு போடுவான், நாம் வேடிக்கை பார்க்கணும் என்று எல்லா நியாயத்தையும் சொன்னார். அவர் வாழ்க்கையிலேயே சரியாகப் பேசின பேச்சு அதுதான் என்பேன். ஒருத்தரும் கை தட்டவில்லை. மற்றவர்களில் பெரும்பாலோருக்குச் சாலையோரத்தில் நிலம் கிடையாது, எருக்குழி எல்லோருக்கும் உண்டு. அவருடைய முதல் கல்லின் மேல் எழும்பின பஞ்சாயத்துக் கட்டடத்தில்தான் இந்தக் கூட்டம் நடந்தது. பிரசிடெண்ட் குத்தாலிங்கம் ரொம்பப் பணிவாகப் பதில் சொன்னார்.

"அண்ணாச்சி, உம்ம வாயால கேட்டதைத்தான் நாங்க இன்னும் நம்பிக்கிட்டிருக்கோம். இப்ப மாத்திச் சொன்னா எங்கன போவோம்?"

அன்றைக்குப் பிறகு அவர் கூட்டங்களுக்குப் போவதை விட்டுவிட்டார். எல்லைப் பெருமாள் என்று யாராவது கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க மாட்டார். வயலில் களையில்லாமல் போனது அந்தக் காலத்தில்தான். மதினிக்கு அதில் சந்தோஷம் வந்திருக்க வேண்டும், ஆனால் அவளே ஒரு நாள் என்னிடம், அவரை எங்கேயாவது ஒரு ஆபீஸுக்குக் கூட்டிக்கொண்டு போங்களேன், வீட்டில் இப்படிப் பேசாமல் இருந்தால் எனக்குப் பயமாக இருக்கிறது என்றாள்.

அறுபத்தாறில் அந்தப் பச்சை மை தானாகவே கரைந்தது. சீசனுக்கு வருகிறவர்களுக்குக் குற்றாலத்தில் தங்க இடம் போதவில்லை, சாலையோரம் கட்டடம் வரட்டும் என்று திட்டத்தைத் திருத்திவிட்டார்கள். மலை தெரிவது பற்றி இப்போது யாரும் கவலைப்படவில்லை. எங்களுக்காகத் திருத்தியதாக நினைக்க வேண்டாம், அந்தத் திருத்தத்திலும் எங்களை யாரும் கேட்கவில்லை. அண்ணாச்சி ஆளைப் பிடித்து அனுமதி வாங்கிவிட்டார். கையில் கிடைத்த அன்றைக்கே, சட்டைகூட மாற்றாமல் புளியங்குடி பஸ் ஏறினார். கடையைத் தாண்டும்போது ஜன்னல் வழியாக எனக்குக் கையைக் காட்டினார். எத்தனையோ வருஷத்துக்குப் பிறகு அவர் முகத்தில் பழைய களை இருந்தது.

அங்கே நடந்ததை அவரே என்னிடம் சொன்னார். மண்டிக்குப் பின்னால் வரிசையாக ஓட்டறைகள். பேராச்சி அறையில் நாலைந்து பெண்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள், பழம் பிரிக்கிறவர்கள். அவள் பரிமாறிக்கொண்டிருந்தாள். தலை நரைத்திருந்தது, உடம்பு கொஞ்சம் பூசியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் கரண்டியோடு எழுந்து வந்து, உள்ளே வந்து உட்கார், இலை போடுகிறேன் என்றாள். ரசமும் சுட்ட அப்பளமும் சீனியவரைப் பொரியலும். தங்கை கையால், தங்கை அடுப்பில் ஆக்கினதை அவர் சாப்பிட்டது அதுவே முதல் தடவை.

மற்றப் பெண்கள் எழுந்து போனதும் அவர் சேதியைச் சொன்னார். அனுமதி வந்துவிட்டது, கொத்தனாருக்குச் சொல்லியாகிவிட்டது, இந்த மாதமே வானம் தோண்டலாம், நீ வந்து அடுப்படி எங்கே வேண்டும் என்று சொன்னால் போதும் என்றார். அவள் இன்னும் கொஞ்சம் ரசம் ஊற்றினாள்.  என் மேல் கோபமா என்று கேட்டாராம்.

"உன் மேல என்ன கோவம் அண்ணே. நீ ஊருக்காகத்தானே ஓடுனே" என்றிருக்கிறாள். அவர் சாப்பிட முடியாமல் உட்கார்ந்திருந்தார். அவள் விசிறியை எடுத்து அவருக்கு வீசிக்கொண்டே மெதுவாகச் சொன்னாள்.

"அங்கன இப்ப எனக்கு யாரு இருக்கா? சந்தனமாரியும் போயிட்டா. வீட்டைக் கட்டி வச்சுக்கிட்டு நான் யாரை வா, சாப்பிடுன்னு சொல்ல?"

அண்ணாச்சி இலையை மடித்துவிட்டுக் கை கழுவ எழுந்தாராம்.